லேசர் அறுவைச் செய்முறைப் பயிலரங்கம்

லேசர் அறுவைச் செய்முறைப் பயிலரங்கம் என்பது, மருத்துவ லேசர் (சீரொளி) கருவியை நோயாளியிடம் பயன்படுத்துவதற்கு முன்னர், அறுவை மருத்துவர்களும் செவிலியரும் கருவி நுட்பரும் அதனைத் தம் கையாலேயே இயக்கிப் பழகும் குறுகிய காலப் பயிற்சி ஆகும். இது பெரும்பாலும் ஓரிரு நாள்கள் நடைபெறும். விரிவுரை, உயிரற்ற திசுக்களில் பயிற்சி, அறுவை அரங்கில் பார்வையிடல் ஆகியன இதன் வழக்கமான பகுதிகள்.

பயிற்சியின் தேவை

கத்தியால் அறுக்கும் மருத்துவர் திசுவின் கடினத்தை விரல்களால் உணர்கிறார். பெரும்பாலான லேசர் கருவிகளில் இவ்வுணர்வு இல்லை. கதிர் திசுவைத் தொடாமலே வெட்டுகிறது. வெட்டின் ஆழத்தை அலைநீளம், திறன், புள்ளியின் அகலம், கதிர் படும் நேரம் ஆகியனவே தீர்மானிக்கின்றன.

எடுத்துக்காட்டாக, 10 வாட் திறனுள்ள கதிரை 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியில் செலுத்தினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 320 வாட் செறிவு கிடைக்கும். விட்டத்தை 1 மில்லிமீட்டராகக் குறைத்தால் அது 1,270 வாட்டாகவும், அரை மில்லிமீட்டராகக் குறைத்தால் 5,100 வாட்டாகவும் உயரும். அதாவது, குவியும் கதிரில் கைப்பிடி சிறிது விலகினாலும், குருதியை உறையச் செய்யும் கதிர் திசுவை ஆவியாக்கும் கதிராக மாறிவிடலாம். இந்த வேறுபாட்டைக் கை பழகியே அறிய முடியும்.

வரலாறு

1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடோர் மைமன் முதல் மாணிக்க லேசரை இயக்கினார். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே, நியூயார்க்கில் விழித்திரைக் கட்டி ஒன்றை அழிக்க மாணிக்க லேசர் பயன்பட்டது. 1964 இல் மகாராட்டிர மாநிலத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல், பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். நியோடிமியம்-யாக் லேசரும் அதே ஆண்டில் அவ்வாய்வகத்தில் உருவானது.

கருவி வகைகள்

* கார்பன் டை ஆக்சைடு லேசர் (10,600 நானோமீட்டர்): நீரால் உடனே உறிஞ்சப்படுவதால் மேற்பரப்பிலேயே செயல்படும். குரல்வளை, தோல் அறுவைகளில் பயன்படுகிறது.
* நியோடிமியம்-யாக் லேசர் (1,064 நானோமீட்டர்): திசுவினுள் சில மில்லிமீட்டர் ஊடுருவும். மேலே சிறிய வெண்மை மட்டும் தெரியும்போதே உள்ளே திசு வெந்திருக்கக்கூடும்.
* பச்சை லேசர் (532 நானோமீட்டர்): குருதிச் சிவப்பணுக்களின் நிறமியும் மெலனினும் இதை உறிஞ்சுகின்றன. விழித்திரை மருத்துவத்தில் பயன்படுகிறது.
* ஓல்மியம்-யாக் லேசர் (ஏறத்தாழ 2,100 நானோமீட்டர்): மெல்லிய ஒளியிழை வழியாகச் செலுத்திச் சிறுநீரகக் கற்களை உடைக்கப் பயன்படுகிறது.

ஒரு வகையில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்குப் போதாது என்பதை இப்பட்டியல் காட்டும்.

பயிலரங்க நடைமுறை

முதலில் கருவியின் இயக்கமும் பாதுகாப்பு விதிகளும் விளக்கப்படும். பின்னர் பயிற்சியாளர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து மேசைகளில் அமர்வர். ஒரு கருவிக்கு நான்கைந்து பேருக்கு மேல் இருந்தால் பலர் வெறும் பார்வையாளராகவே திரும்ப நேரிடும்.

தொடக்கப் பயிற்சி நனைத்த மரக்குச்சியிலோ தக்காளித் தோலிலோ நடைபெறும். தோலை மட்டும் நீக்கிச் சதையைக் காப்பதே இங்கு இலக்கு. அடுத்து கோழி இறைச்சி, ஆட்டின் ஈரல், ஆட்டுக் கண் போன்றவற்றில் பழகுவர். வெட்டிய திசுவைக் குறுக்காகப் பிளந்து, கருகிய பகுதியின் ஆழத்தை அளவுகோலால் அளப்பது பயனுள்ள பாடமாகும். தாம் எண்ணிய ஆழத்துக்கும் உண்மை ஆழத்துக்கும் உள்ள இடைவெளியைப் பயிற்சியாளர் அப்போது நேரில் காண்கிறார். கல் உடைக்கும் பயிற்சிக்கு நீர்த்தொட்டியில் வைத்த செயற்கைக் கற்கள் போதும். உயிரற்ற திசுவில் குருதி ஓட்டம் இல்லாமையால், குருதிக் கசிவைக் கட்டுப்படுத்தும் திறனை இவ்வழியில் முழுமையாகப் பெற இயலாது.

பாதுகாப்பு

அறுவை லேசர்கள் பெரும்பாலும் 4 ஆம் வகுப்பைச் சேர்ந்தவை. எதிரொளித்த கதிரும் கண்ணைக் கெடுக்கும். எனவே பின்வருவன கட்டாயமாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும்:

* கதிரின் அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியையே அணிய வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கதிரைத் தடுக்கும் தெளிந்த கண்ணாடி, 1,064 நானோமீட்டர் கதிரைத் தடுக்காது. பிந்தைய கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விழித்திரை வரை செல்லும்.
* வாயிலில் எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் இருக்க வேண்டும். சாளரங்களை மறைக்க வேண்டும்.
* கதிரைச் செலுத்தாதபோது கருவியைக் காத்திருப்பு நிலையில் வைக்க வேண்டும். கால்மிதியை ஒருவர் மட்டுமே இயக்க வேண்டும்.
* மூச்சுப்பாதை அறுவையில், மயக்க மருந்துக் குழாயும் ஆக்சிசனும் கதிருடன் சேர்ந்து தீப்பற்றக்கூடும். ஆகவே மயக்கவியல் மருத்துவரும் பயிலரங்கில் பங்குபெறுவது நன்று.
* எழும் புகையை உறிஞ்சு கருவியால் அகற்ற வேண்டும். மருக்களை ஆவியாக்கும்போது எழும் புகையில் பாப்பிலோமா தீநுண்மியின் மரபுப்பொருள் இருப்பதை 1988 இல் வெளியான ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டில்

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, நீரிழிவு விழித்திரை நோய்க்கான லேசர் மருத்துவத்தில் கண் மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. 1992 இல் அதன் சார்பாகத் தொடங்கப்பட்ட ஆரோலேப், கண்ணுள் வைக்கும் வில்லைகளுடன் பச்சை லேசர் கருவியையும் தயாரித்துள்ளது.

கன்னியாகுமரி மாவட்டமும் லேசரும்

இம்மாவட்டத்தில் அறுவை மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நெய்யூர் மருத்துவப் பணி, இலண்டன் மிசன் சங்கத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சேயால் 1838 இல் தொடங்கப்பட்டது. 1922, 1924 ஆம் ஆண்டுகளின் எவரெசுட்டு மலைப்பயணங்களில் பங்கேற்ற தியோடோர் ஓவர்டு சாமர்வெல் அங்கு அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டு என்னும் கனிமத்தில் நியோடிமியம் அடங்கியுள்ளது. யாக் படிகத்தில் சிறிதளவு சேர்க்கப்பட்டு லேசர் ஒளியைத் தரும் தனிமம் இதுவே.

கடலோர மாவட்டங்களில் பயிலரங்கு நடத்துவோர் ஈரப்பதத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து கருவியை வெளியே கொண்டுவந்தால் ஆடிகளிலும் ஒளியிழை முனைகளிலும் நீர் படியக்கூடும். கருவி அறை வெப்பநிலையை அடைந்த பின்னரே இயக்குதல் வேண்டும். மின்தடையின்போது கதிர் தானாக மீண்டும் தொடங்காததை முன்னரே சோதித்தறிவதும் தேவை.

வரம்புகள்

பயிலரங்கச் சான்றிதழ் என்பது பங்கேற்றமைக்கான சான்றே. தனித்து அறுவை செய்யும் தகுதிக்கான சான்று அன்று. பயிற்சி பெற்றவர் தொடக்க அறுவைகளைத் தேர்ந்த மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும்.

பல பயிலரங்குகளுக்குக் கருவி விற்கும் நிறுவனங்களே பொருளுதவி அளிக்கின்றன. விலையுயர்ந்த கருவிகள் சிற்றூர்களின் மருத்துவர்களுக்கு எட்டுவதற்கு இது வழிசெய்கிறது. ஆயினும், கருவியின் நிறைகள் விரிவாகவும் அதனால் விளையும் சிக்கல்கள் சுருக்கமாகவும் சொல்லப்படும் வாய்ப்பு இதில் உண்டு. எந்த நோயாளிக்கு லேசர் தேவையில்லை, எப்போது கருவியை நிறுத்திவிட்டு வழக்கமான அறுவைக்கு மாற வேண்டும் என்பனவும் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றனவா என்பதைக் கொண்டு ஒரு பயிலரங்கின் தரத்தை மதிப்பிடலாம்.