ஈக் மக்களுக்கு நடந்தது என்ன?

நல்லது கெட்டது பார்க்கிற புத்தி நமக்குப் பரிணாமத்துல வந்ததா, இல்ல வளர்ற சூழல் கத்துக்கொடுத்ததா? இந்த விவாதத்துல பல வருஷம் சாட்சிக் கூண்டுல நிறுத்தப்பட்ட ஒரு சின்ன இனத்தோட கதைதான் இன்னிக்கு.

உகாண்டாவோட வடகிழக்கு மூலை, கென்யா எல்லையை ஒட்டின மலைகள். அங்கதான் ஈக் மக்கள் இருக்காங்க. எண்ணிக்கையில ரொம்பக் குறைவு. 1960களின் நடுவுல காலின் டர்ன்புல் என்ற மானுடவியலாளர் அங்க போய்த் தங்கினார். காங்கோ காட்டுல வாழ்ற ம்புட்டி மக்களைப் பத்தி 1961-ல அவ்வளவு பிரியமா ஒரு புத்தகம் எழுதிப் பேர் வாங்கினவர் அவர்.

ஈக் மலையில அவர் பார்த்தது பஞ்சம். 1972-ல வந்த 'தி மவுண்டன் பீப்பிள்' புத்தகத்துல அவர் எழுதினது படிக்கவே கஷ்டமா இருக்கும். மூணு வயசுலயே பிள்ளைகளை வீட்டை விட்டு வெளியே விட்டுடறாங்க, கிழவர்கள் வாயில இருந்தே சோத்தைப் பிடுங்கறாங்க, யாராவது விழுந்தா சிரிக்கறாங்க. அவர் வந்த முடிவு: அன்பு, இரக்கம் எல்லாம் மனுஷனோட அடிப்படை குணமே இல்லை, வசதி இருக்கிற வரைக்கும் வெச்சுக்கிற ஆடம்பரம். இவங்க வேட்டைக்காரங்க, கிடெப்போ தேசியப் பூங்கா வந்து காட்டை விட்டுத் துரத்தினதும் இப்படி ஆயிட்டாங்கன்னு விளக்கம் வேற.

அதோட நிக்கலை. இந்த மக்களைச் சின்னச் சின்னக் குழுவாப் பிரிச்சு நாடு முழுக்கச் சிதற விட்டுடணும்னு அரசுக்கு யோசனை சொன்னார். அதாவது ஒரு கலாசாரத்தையே அழிச்சிடலாம்னு. 1975-ல பாரிஸ்ல பீட்டர் புரூக் இந்தக் கதையை நாடகமாவே போட்டார்.

1980கள்ல பெர்ன்ட் ஹைனே என்ற ஜெர்மன் மொழியியலாளர் ஈக் மொழியைப் படிக்கப் போனார். அவர் 1985-ல வெளியிட்ட கட்டுரை மொத்தக் கதையையும் ஆட்டிடுச்சு. டர்ன்புல்லுக்கு ஈக் மொழி சரியா வரலை. அவருக்குத் தகவல் சொன்ன சிலர் ஈக் இனத்தவரே இல்லை. இந்த மக்கள் முக்கியமா விவசாயிகள். புத்தகத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சப்போ, அவர் மேல கேஸ் போட முடியுமான்னு ஈக் மக்களே கேட்டாங்களாம். எனக்கு இந்த வரலாற்றுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

டர்ன்புல் பொய் சொன்னார்னு நான் சொல்லலை. பசியும் சாவும் நிஜம். ஆனா சர்வர் கிராஷ் ஆகிற நேரத்து லாகை மட்டும் பார்த்துட்டு, இந்த மென்பொருளோட டிசைனே இதுதான்னு சொன்னா எங்க ஆபீஸ்ல யாராவது ஒத்துக்குவாங்களா?

அப்புறம் கேத்ரின் டவுன்சென்ட் என்ற மானுடவியலாளர் ஈக் மக்களோடயே போய்த் தங்கினார். அவரோட குழு 2020-ல வெளியிட்ட ஆய்வுல, கையில கொடுத்த பணத்தை அடுத்தவங்களோட எவ்வளவு பகிர்ந்துக்கறாங்கன்னு பார்த்தாங்க. மத்த சமூகங்களை விட இவங்க ஒண்ணும் கஞ்சம் இல்லை. 'பகிர்றது நல்லது'ன்னு அவங்க பேச்சுலயே ஒரு சொல் இருக்கு. பகிராதவனை மண்ணோட ஆவிகள் தண்டிக்கும்னும் நம்பறாங்க.

இங்கதான் நம்ம கேள்வி சிக்கலாகுது. பகிர்ற குணம் மரபுல வந்ததுன்னு வெச்சுக்குவோம். அப்போ அதைக் காவல் காக்க ஆவிங்க எதுக்கு? சூழல்தான் எல்லாம்னா, அந்தக் கொடும் பஞ்சத்துக்கு அப்புறமும் இந்த வழக்கம் எப்படித் தப்பிச்சுது? ரெண்டு கட்சியுமே ஈக் மக்களைத் தனக்குச் சாட்சியாக் கூப்பிட முடியாதுன்னுதான் எனக்குத் தோணுது.

டர்ன்புல் 1994-ல இறந்துட்டார். அவர் சொன்ன யோசனையை உகாண்டா செயல்படுத்தலை. ஈக் மக்கள் இன்னிக்கும் அதே மலையிலதான் பயிர் வெச்சுட்டு இருக்காங்க.