டிரெய்லருக்கு வந்த நிலையான மின்சாரம்: தூத்துக்குடித் துறைமுகச் சாலையிலிருந்து ஒரு பார்வை

கடலில் இழுத்துச் செல்லப்படும் படகு தன் பக்க விளக்குகளையும் பின்விளக்கையும் தானே காட்ட வேண்டும். 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் இது 24ஆம் விதியில் வருகிறது. சாலையில் ஏற்பாடு வேறு. டிரெய்லருக்குச் சொந்தமாக விளக்குகள் உண்டு. சொந்தமாக மின்சாரம் கிடையாது. முன்னால் இழுக்கும் லாரியிடமிருந்து ஒரு கேபிள், ஒரு பிளக் வழியாக அதைக் கடனாகப் பெறுகிறது. அந்தக் கடன் எப்போதெல்லாம் கிடைக்கும் என்பதில் ஒரு நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

தூத்துக்குடியில் டிரெய்லர் லாரிகள் பெருகியது அண்மைக் காலத்தில்தான். பழைய துறைமுகத்தில் கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரமிட, தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. புதிய துறைமுகம் 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. முதல் கொள்கலன் முனையம் 1999 டிசம்பரில் செயல்படத் தொடங்கியது. இரண்டாவது 2014இலும் மூன்றாவது 2024இலும் வந்தன. இன்று உப்பளங்களுக்கு நடுவே செல்லும் துறைமுகச் சாலையில் நாற்பது அடிப் பெட்டிகளைச் சுமந்த டிரெய்லர்கள் இரவு பகலாக ஓடுகின்றன.

டிரெய்லரின் பிறப்பிலும் ஒரு படகு இருக்கிறது. 1914இல் டெட்ராய்ட் நகரில் ஒரு மர வியாபாரி தன் படகை ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் இழுத்துச் செல்ல விரும்பினார். ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர் அதற்கென ஒரு வண்டி செய்து கொடுத்தார். அதிலிருந்தே பெரிய டிரெய்லர் நிறுவனம் ஒன்று வளர்ந்தது. அன்றைய மாடல் டி காரின் பின்விளக்கே மண்ணெண்ணெயில்தான் எரிந்தது. டிரெய்லருக்குக் கொடுக்க அதனிடம் மின்சாரம் எங்கே இருந்தது? சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்தொடக்கியும் பேட்டரியும் 1912இல் காடிலாக் காரில் வந்திருந்தாலும், எல்லா வண்டிகளுக்கும் பரவ ஆண்டுகள் பிடித்தன.

பின்னர் ஏழு முனைப் பிளக் பரவலாயிற்று. 24 வோல்ட் லாரிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 1185 தரத்தில் ஒரு முனை எர்த். மற்றவை இடப் பின்விளக்கு, வலப் பின்விளக்கு, இட இண்டிகேட்டர், வல இண்டிகேட்டர், பிரேக் விளக்கு என்று போகின்றன. ஏழாவது முனை பிரேக் கட்டுப்பாடு போன்ற துணை வேலைக்கு. இதில் கவனிக்க வேண்டியது, விளக்கு முனைகள் எல்லாமே ஓட்டுநரின் கைக்கோ காலுக்கோ கட்டுப்பட்டவை என்பது. அவர் சுவிட்சைப் போட்டால், பிரேக்கை மிதித்தால் மின்சாரம் வரும், இல்லாவிட்டால் வராது. விளக்கு மட்டுமே தேவைப்பட்டவரை இது போதுமானதாக இருந்தது.

இந்த நிலையை மாற்றியது ஏ.பி.எஸ். எனப்படும் சக்கரப் பூட்டுத் தடுப்பு பிரேக். சக்கரம் வழுக்குகிறதா என்று ஓயாமல் பார்க்கும் கருவிக்கு, பிரேக்கை மிதித்த பிறகு மின்சாரம் தந்தால் போதாது. அமெரிக்காவில் 1997 மார்ச் முதல் புதிய இழுவை லாரிகளுக்கும் 1998 மார்ச் முதல் புதிய டிரெய்லர்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. வண்டி சாவியில் இருக்கும்போதெல்லாம் டிரெய்லருக்கு மின்சாரம் செல்லவும் வேண்டியிருந்தது. அங்கு ஏழு முனைப் பிளக்கின் நடுமுனை அதற்கென ஆனது. ஐரோப்பிய வழி வேறு. ஐ.எஸ்.ஓ. 7638 என்ற தனிப் பிளக்கில் முதல் முனை பேட்டரியிலிருந்து நேரே வருகிறது, இரண்டாவது சாவியைத் திருப்பினால் வருகிறது. என் பார்வையில் இதுவே தெளிவான ஏற்பாடு. பிரேக்கும் விளக்கும் ஒரே கம்பியை நம்பியிருப்பதில்லை. இந்தியாவிலும் கனரக வாகனங்களுக்கு 2015இல் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது.

பிக்கப் போன்ற 12 வோல்ட் வண்டிகளுக்கும் இதே தேவை உண்டு. ஐரோப்பாவின் பதின்மூன்று முனைப் பிளக்கில் ஒன்பதாவது முனை நேரடி பேட்டரி மின்சாரம், பத்தாவது சாவிக்குக் கட்டுப்பட்டது. அமெரிக்க பிக்கப்பின் ஏழு தகட்டுப் பிளக்கிலும் பேட்டரிக்கு ஒரு முனை உண்டு. நான்கு முனைப் பிளக் மட்டும் உள்ள வண்டியில் அந்த மின்சாரம் வேண்டுமென்றால் பேட்டரியின் நேர்முனையிலிருந்து புதிய கம்பி இழுக்க வேண்டும். பியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். தொலைவில் வைத்தால், இடையில் கம்பி உரசித் தீப்பிடிப்பதை அது தடுக்காது. எஞ்சின் நின்றதும் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே ஒன்றும் நல்லது. இல்லையேல் டிரெய்லர் இரவெல்லாம் மின்சாரம் குடிக்க, காலையில் வண்டி கிளம்பாது.

கம்பியின் தடிமனைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 12 மீட்டர் போய் 12 மீட்டர் திரும்பினால் அதன் மின்தடை ஏறக்குறைய 0.165 ஓம். பத்து ஆம்பியர் ஓடினால் 1.65 வோல்ட் வழியிலேயே போய்விடும். 24 வோல்ட்டில் இது ஏழு சதவீதம், 12 வோல்ட்டில் பதினான்கு. 6 சதுர மி.மீ. கம்பியில் இழப்பு 0.7 வோல்ட்டுக்குள் அடங்கும்.

கணக்கில் வராத எதிரி நம் ஊர் உப்புக்காற்று. பிளக்கின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்தால் தடை கூடும். எர்த் முனையில் பிடித்தாலோ இண்டிகேட்டர் போட்டதும் பிரேக் விளக்கு மங்கலாக மினுக்கும். மூடி உடைந்த சாக்கெட்டைப் பல டிரெய்லர்களில் காணலாம்.

இறால் ஏற்றும் குளிர்பதனக் கொள்கலனுக்கு இந்த மின்சாரம் உதவாது. 24 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றாலும் 720 வாட்தான். பெட்டிக்கோ பல கிலோவாட் தேவை. அதனால்தான் அது சாலையில் டீசல் ஜெனரேட்டருடனும், முனையத்தில் மும்முனை மின்சாரத்துடனும் இயங்குகிறது.

கழற்றி நிறுத்திய டிரெய்லருக்கும் இது உதவாது. லாரி போனால் கேபிளும் போய்விடுகிறது. அப்போது பின்னால் வருபவருக்கு அதைக் காட்டுவது ஒளி எதிரொலிக்கும் பட்டை ஒன்றுதான். அதன் மேலும் உப்பும் புழுதியும் படிகின்றன. பழுதாகி நின்ற வண்டிக்குப் பின்னால் ஓட்டுநர்கள் மரக்கிளையை ஒடித்துப் போட்டு, நாலு கல்லையும் வரிசையாக வைக்கிறார்கள். வண்டி சரியாகிக் கிளம்பிய பிறகும் அந்தக் கற்கள் பல நேரம் சாலையிலேயே கிடக்கின்றன.