குடலுக்கு ஒரு வம்சாவளி

வம்சாவளிப் படம்னாலே எனக்குப் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம்தான் ஞாபகம் வரும். பாபர், அவருக்குக் கீழே ஹுமாயூன், அவருக்குக் கீழே அக்பர்னு கோடு போட்டிருப்பாங்க. ராஜாவாப் பொறந்தாத்தான் இப்படி வரைவாங்க போலன்னு நினைச்சுக்குவேன். ஆனா லண்டன்ல செயின்ட் மார்க்ஸ்னு ஒரு ஆஸ்பத்திரி 1924-லேர்ந்து சாதாரண ஜனங்களுக்கு வம்சாவளி வரைஞ்சுகிட்டு இருக்கு. சொத்துக்காக இல்லீங்க, குடலுக்காக!

விஷயம் இதுதான். சில குடும்பங்கள்ல பதின்ம வயசுலயே பெருங்குடலோட உட்சுவர்ல பாலிப்ங்கிற சின்னச் சின்னச் சதை வளர்ச்சிகள் முளைக்க ஆரம்பிக்கும். ஒண்ணு ரெண்டு இல்லை, நூத்துக்கணக்குல, சிலருக்கு ஆயிரக்கணக்குல. தனித்தனியாப் பார்த்தா சாதுதான். ஆனா அத்தனையில ஏதோ ஒண்ணு என்னைக்காவது புற்றுநோயா மாறிடும். கவனிக்காம விட்டா, நாற்பது வயசு வாக்குல கிட்டத்தட்ட எல்லாருக்குமே. அப்பா அம்மாவுல ஒருத்தருக்கு இந்தக் கோளாறு இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசு சுண்டிப் போடுற கதை.

இது குடும்பத்துல ஓடுதுங்கிறது 1882-லயே தெரியும். ஹாரிசன் கிரிப்ஸ்ங்கிற லண்டன் டாக்டர், ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கு இருந்ததை அந்த வருஷம் எழுதினார். 1925-ல செயின்ட் மார்க்ஸ் சர்ஜன் லாக்ஹார்ட்-மம்மரி மூணு குடும்பங்களோட கதையை எழுதினார். அவரோட சேர்ந்து நின்னவர் நோயியல் நிபுணர் கத்பர்ட் ட்யூக்ஸ். ஆனா இந்தக் கதையில என் ஹீரோ இவங்க ரெண்டு பேருமில்லை. ட்யூக்ஸோட ஆய்வகத்துல உதவியாளராச் சேர்ந்த பஸ்ஸி. அவர் டாக்டருக்குப் படிச்சவர் இல்லை. பத்து வருஷக் கணக்குல உட்கார்ந்து அந்தப் பதிவேட்டை வளர்த்தவர் அவர்தான். 1975-ல அதையெல்லாம் திரட்டி ஒரு புத்தகமாவே போட்டார்.

அவங்க வேலை என்ன? ஒரு நோயாளி வந்தா, "உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்? அவங்க பிள்ளைங்க எங்கே?"ன்னு கேட்டு எழுதிக்கிறது. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தா கறுப்பு. அப்புறம் நல்லா இருக்கிற சொந்தக்காரங்களையும் கூப்பிட்டுப் பரிசோதிக்கிறது. வலி, ரத்தப்போக்குன்னு தானா வந்தவங்கள்ல சுமார் மூணுல ரெண்டு பங்குப் பேருக்கு அப்பவே புற்றுநோய் வந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தவங்ககிட்ட அது ரொம்பக் குறைவு. கேட்டு எழுதி வச்ச ஒரு பேருதான் வித்தியாசம்.

கண்டுபிடிச்சா போதுமா? பெருங்குடலை முன்கூட்டியே எடுக்கணும். 1978-ல இதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆலன் பார்க்ஸும் நிக்கல்ஸும், சிறுகுடலை வச்சே உள்ளுக்குள்ள ஒரு பை தைக்கிற முறையை வெளியிட்டாங்க. அதனால பல பேருக்கு வயித்துல நிரந்தரமா வெளிப்பை மாட்டிக்கிட்டு வாழவேண்டிய நிலை இல்லாமப் போச்சு.

ஜீன் கிடைச்சது ரொம்பப் பின்னாடி. 1987-ல இடம் ஐந்தாவது குரோமோசோம்னு தெரிஞ்சுது, 1991-ல ஏபிசிங்கிற ஜீன் கையில சிக்குச்சு. குடும்பத்துல எந்தப் பிழை ஓடுதுன்னு தெரிஞ்சுட்டா, இன்னைக்கு ஒரு ரத்தப் பரிசோதனையிலயே பிள்ளைக்கு அது வந்திருக்கா இல்லையான்னு சொல்லிடலாம். வரலைன்னா, வருஷா வருஷம் குழாய் விட்டுப் பார்க்கிற தொல்லையும் இல்லை, பயமும் இல்லை.

பொட்டி தட்டுறவன்ங்கிறதால எனக்கு இது நல்லாவே புரியுது. பிழை எந்த வரியில இருக்குன்னு தெரியாத வரைக்கும் நம்மளைக் காப்பாத்துறது ஒழுங்கா எழுதி வச்ச லாக்தான். ஜீனுக்கு 67 வருஷம் முன்னாடியே லாக் எழுத ஆரம்பிச்சுட்டாங்க இவங்க.

இந்த நோய் வர்றவங்கள்ல சுமார் நாலுல ஒருத்தருக்குக் குடும்பத்துல முன்னாடி யாருக்குமே இருந்திருக்காது. மத்தவங்களுக்கு, துப்பு வீட்டுக்குள்ளயேதான் இருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப, சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்த அந்தப் பெரியப்பா எதனால போனார்னு பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைங்க. "வயித்துக் கோளாறு"ன்னு பதில் வந்தா, அதோட நிறுத்திடாதீங்க.