கடாரத் தோட்டங்களும் அறிவியற் கல்வியும்

பழந்தமிழர் கடாரம் என வழங்கிய கெடா மாநிலம், 1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் சயாமின் மேலாண்மை நீங்கி ஆங்கிலேயர் ஆளுகைக்கு உட்பட்டது. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றையொட்டித் தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன. எழுத்தும் எண்ணும் கற்பித்தலே அவற்றின் தலையாய பணியாயிருந்தது.

ஆயினும், தோட்டத்துப் பிள்ளைகளைச் சுற்றிலும் அறிவியல் நிறைந்திருந்தது. விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்வதேன்? அவ்வேளையில் மரப்பட்டையின் பாற்குழல்களில் அழுத்தம் மிகுதி. வெயிலேற இலைகள் நீரை இழப்பதால் அழுத்தம் தணிந்து பாலும் குறையும். பால் உறையாதிருக்க அம்மோனியாவும், உறைவதற்கு ஃபார்மிக் அமிலமும் கலக்கப்பட்டன. கண்முன் நிகழ்ந்த இவ்வேதியியல், பாடமாக மலர நெடுங்காலம் ஆயிற்று.

1983இல் தொடங்கிய புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில், இயற்கையையும் மனிதனையும் பற்றிய பொதுப்பாடத்துள் அறிவியல் அடங்கியது. 1990களின் நடுவில் அது தனிப்பாடமாயிற்று. 2003இல் முதலாமாண்டிலிருந்தே கற்பிக்கப்பட்டது, ஆனால் ஆங்கிலத்தில்! அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2011 முதல் தமிழ் படிப்படியாக மீண்டது.

மொழி மீண்டால் மட்டும் போதுமா? கற்கும் முறையும் மாறவேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறையை விளக்கி எழுதினார். குழந்தை தன் நோக்கத்தோடு ஒரு செயலில் முனைந்து, அதன்வழிக் கற்கவேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கென அஸ்தி அமைப்பு நடத்திவந்துள்ள அறிவியல் விழாக்கள் இம்முறைக்கு நல்ல களம் அமைத்தன.

ஓர் எளிய செயல்திட்டத்தைக் கருதுவோம். ஒரே அளவான இரப்பர்ப் பாலை மூன்று மங்குகளில் ஊற்றுக. ஒன்றை அப்படியே விடுக. மற்ற இரண்டில் எலுமிச்சைச் சாற்றை வெவ்வேறு அளவில் சேர்க்க. எது முதலில் உறையும் என்று பிள்ளைகள் முன்னரே ஊகித்து எழுதட்டும். பின்னர் நேரத்தைக் குறித்து ஒப்பிடட்டும். ஊகம் பொய்த்தாலும் இழுக்கில்லை. ஏன் பொய்த்தது என்னும் வினாவே அறிவியலின் வாயில்.

கடையில் வாங்கிய மாதிரியும் பெற்றோர் செய்து தந்த கருவியும் பரிசு பெற்றுத் தரலாம், சிந்தனையைத் தாரா. 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பால்வாளி சுமந்தோரின் பெயரர் அங்கே கருவிகளை இயக்குவோராக மட்டும் நிற்பதா, புதியன படைப்போராக உயர்வதா? அதற்கான விடை, பிள்ளையின் வினாவுக்கு இன்று ஆசிரியர் அளிக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது.