ஜெராக்ஸ் காப்பியில் கருப்பு மாறாமல் இருப்பது எப்படி?

திருவண்ணாமலை கோயில் கல்வெட்டுகளைப் படியெடுத்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மேலே மையை ஒற்ற வேண்டும். மை கூடினால் எழுத்து அடைபட்டுப் போகும், குறைந்தால் வரியே தெரியாது. அளவைச் சொல்ல கண்ணும் கைப்பழக்கமும்தான். இதே தொல்லைதான் பின்னாளில் ஜெராக்ஸ் மெஷினுக்கும் வந்தது!

1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் முதல் படியை எடுத்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, ஒளி காட்டி, பொடி தூவினார். அவ்வளவுதான். ஒரு காப்பிக்கு இது போதும், ஆயிரம் காப்பிக்கு?

1959இல் வந்த ஜெராக்ஸ் 914 மாதம் 95 டாலர் வாடகைக்குக் கிடைத்தது. முதல் 2000 காப்பி அதிலேயே அடக்கம், அதற்கு மேல் காப்பிக்கு இவ்வளவு என்று கட்டணம். அதாவது கம்பெனி விற்றது மெஷினை அல்ல, காப்பியை. காப்பி வெளுத்தால் வருமானமும் வெளுக்கும்.

சிக்கலின் வேர் டோனரில் இருந்தது. பொடி தனியாகப் போவதில்லை. கேரியர் என்ற பெரிய மணிகளோடு உரசி மின்னூட்டம் பெற்றுத்தான் டிரம்மில் ஒட்டும். காப்பி எடுக்க எடுக்க பொடி தீரும், மணிகள் அப்படியே இருக்கும். ஆகவே விகிதம் குறைந்துகொண்டே போகும். ஆரம்பத்தில் ஆள்தான் பார்த்துப் பார்த்துப் பொடி போட்டார்.

பிறகு காந்த பிரஷ் முறை வந்தது. இதில் கேரியர் இரும்பு சார்ந்தது, டோனர் அப்படியல்ல. டோனர் குறைந்தால் கலவையில் இரும்பு நெருங்கும், காந்த சென்சாரின் அளவு ஏறும், உடனே புதுப்பொடி விழும். அழகான யோசனை!

ஆனால் விகிதம் சரியாக இருந்தாலும் ஈரப்பதம் கெடுத்துவிடும். கார்த்திகை தீப நாட்களின் மழைக்காற்றில் டோனரின் மின்னூட்டம் குறையும், அதனால் பொடி அதிகமாக ஒட்டி வெள்ளைப் பகுதியும் சாம்பலாகும். வறண்ட காற்றில் நேர்மாறு. இதற்குத்தான் இன்னொரு வழி. மெஷின் தானே டிரம்மில் ஒரு சின்னக் கட்டத்தைப் பொடியால் உருவாக்கி, அகச்சிவப்பு ஒளி பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும். அதற்கேற்ப மின்னழுத்தத்தையோ பொடியையோ மாற்றிவிட்டு, கட்டத்தைத் துடைத்துவிடும். காகிதம் அதைப் பார்ப்பதே இல்லை.

1984இல் வந்த ஹெச்பி லேசர்ஜெட் வேறு பாதையில் போனது. உள்ளே இருந்தது கேனான் இயந்திரம். டோனரிலேயே காந்தப்பொருளைக் கலந்துவிட்டதால் தனி கேரியர் இல்லை, விகிதத் தலைவலியும் இல்லை. டிரம்மும் டோனரும் ஒரே கார்ட்ரிட்ஜில். தீர்ந்தால் எல்லாமே புதிது. (லாபமும் அங்கேதான்.)

இந்தியாவில் 1983இல் மோடி ஜெராக்ஸ் தொடங்கியது. 1989இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரானது. கலெக்டர் ஆபீஸ் உள்ள ஊரில் ஜெராக்ஸ் கடைக்குச் சொல்லவா வேண்டும்! பட்டா நகலில் 3 எது, 8 எது என்று தெரியாமல் வெளுத்துவிட்டால் மனு கொடுப்பவருக்கு இன்னொரு நாள் அலைச்சல். அதிலும் காப்பியின் காப்பி என்றால் கேட்கவே வேண்டாம், ஒவ்வொரு முறையும் மெல்லிய கோடுகள்தான் முதலில் மறையும்.

செலவு குறைக்க கார்ட்ரிட்ஜை ரீஃபில் செய்வதும் உண்டு. வேறு வகை டோனர் போட்டால் அதன் மின்னூட்டம் வேறு, கருப்பும் வேறு. அதனால்தான் ஒரே பிரிண்டர் ரீஃபிலுக்கு முன் ஒரு மாதிரியும் பின் ஒரு மாதிரியும் அச்சடிக்கிறது.