மீதமான பிரேக் ஆயிலை மறுபடி ஊற்றலாமா?

வாடிப்பட்டி வட்டாரத்தில் தேங்காயோ காய்கறியோ பரவை மார்க்கெட்டுக்குப் போவது பெரும்பாலும் லோடு ஆட்டோவில்தான். அந்த வண்டிக்கு ஊற்றியது போக மீதமான பிரேக் ஆயில் பாட்டில், மோட்டார் ரூமில் பூச்சிமருந்து டப்பாக்களோடு மாதக்கணக்கில் கிடக்கும். அதை அப்படியே எடுத்து ஊற்றாதீர்கள்.

டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. திறந்த உர மூட்டை ஐப்பசி மழையில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படித்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. நான்கு சதவீதத்துக்கும் குறைவான ஈரம் சேர்ந்தாலே அது 140 வரை இறங்கிவிடலாம். டாட் 4-க்கு இந்த அளவுகள் 230, 155.

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். வாழைத்தார் பாரத்தோடு இறங்கும்போது பிரேக் காய்ந்து, ஈரம் சேர்ந்த ஆயில் கொதித்து ஆவியானால், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

எனவே 250 மில்லி பாட்டிலாக வாங்குங்கள். மீதம் இருந்தால் அதே பாட்டிலில் மூடியை இறுக்கி, திறந்த தேதியை மேலே எழுதி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். சில வாரங்களுக்குள் அளவு குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். ஒரு மழைக்காலம் தாண்டியதோ, மூடி தளர்ந்து கிடந்ததோ வேண்டாம். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் திரும்ப ஊற்றவே கூடாது. அடிக்கடி அளவு குறைகிறதென்றால் கசிவோ, லைனிங் தேய்மானமோ இருக்கும், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எந்த வகை என்பது ஆயில் டப்பா மூடியிலேயே இருக்கும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். டிராக்டர் கதை வேறு. எண்ணெயில் மூழ்கி இயங்கும் பிரேக்குக்குப் பெரும்பாலும் கியர் பெட்டி எண்ணெய்தான். கையேட்டைப் பார்க்காமல் பிரேக் ஆயிலைத் தொடாதீர்கள்.

கிணற்றுக்குப் போட வாங்கிய பிளீச்சிங் பவுடர் இருக்கும் அலமாரியில் மட்டும் இதை வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீர் பாட்டிலிலும் ஊற்றி வைக்க வேண்டாம், இது விஷம். குழந்தைகள் குடித்துவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

கழித்த ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டாமல், தனி கேனில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கழிவு இன்ஜின் ஆயிலோடு கலக்க வேண்டாம்.