‘பித்தவால்’: ஓர் ஆட்பெயர் நூல்வகைப் பெயரான வரலாறு

உண்மையில் நிகழ்ந்த கொலை முதலிய குற்ற வழக்குகளைத் தொகுத்துரைக்கும் நூல்களுக்கு ஜெர்மன், செக், போலிஷ் மொழிகளில் ‘பித்தவால்’ என்னும் பெயர் வழங்குகிறது. இஃது ஒருவரின் பெயர். அது நூல்வகைப் பெயரான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரான்சுவா கயோ தெ பித்தவால் (1673–1743) பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர், வழக்கறிஞர். புகழ்பெற்ற வழக்குகளின் வரலாற்றை 1734 முதல் 1743 வரை இருபது தொகுதிகளாக வெளியிட்டார். தந்தையையும் உடன்பிறந்தோரையும் நஞ்சிட்டுக் கொன்று, 1676இல் மரண தண்டனை பெற்ற பிரின்வில்லியே சீமாட்டியின் வழக்கு அவற்றுள் ஒன்று. லெபிரன் வழக்கு மற்றொன்று. 1689இல் பாரிசில் மசேல் என்னும் அம்மையார் தம் படுக்கையறையில் கொலையுண்டார். பணியாளர் லெபிரன் மீது ஐயம் எழுந்தது. வாக்குமூலம் பெறுவதற்காகச் சித்திரவதை செய்யப்பட்ட அவர் இறந்தார். உண்மைக் கொலையாளி அதன் பின்னரே அகப்பட்டான். குற்றவாளியின் கொடுமையோடு நீதிமன்றத்தின் பிழையையும் இத்தொகுப்பு பதிவு செய்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

ஆக்கியோன் பெயர் அவன் நூலுக்கு ஆகிவருவதைத் தமிழிலக்கணம் கருத்தாவாகுபெயர் என்னும். ‘வள்ளுவரைப் படித்தேன்’ என்புழிக் குறள் ஒன்றே சுட்டப்படும். ‘பித்தவால்’ இந்நிலையைக் கடந்தது. ஹிட்சிக், ஹேரிங் இருவரும் தொடங்கிய ‘புதிய பித்தவால்’ 1842 முதல் 1890 வரை லைப்சிக் நகரிலிருந்து அறுபது தொகுதிகளாக வெளிவந்தது. 1931இல் எகோன் எர்வின் கிஷ் தம் நூலுக்குப் ‘பிராக் பித்தவால்’ எனப் பெயரிட்டார். பிறர் எழுதிய பிற நாட்டு வழக்குகளுக்கும் ஏற்றபோது அப்பெயர் பொதுப்பெயராயிற்று.

இவ்வகை நூல்களோடு தொடர்புடைய இன்னொரு சொல்லும் கருதத்தக்கது. 1792இல் ஷில்லர் முன்னுரையுடன் வெளிவரத் தொடங்கிய ஜெர்மன் பதிப்பின் தலைப்பு, இவ்வழக்குகளை ‘மெர்க்வ்யூர்டிக்’ என்னும் அடையால் சிறப்பித்தது. ஃபாயர்பாக் என்னும் சட்ட அறிஞர் 1808இல் வெளியிட்ட குற்ற வழக்குத் தொகுப்பும் அச்சொல்லையே தாங்கியது. ‘குறித்துக்கொள்ளத் தக்கது’ என்பதே அதன் அக்காலப் பொருள். இன்றைய வழக்கிலோ ‘விநோதமானது’ என்பதே பெரும்பான்மைப் பொருள்.

கொலை வழக்குத் தொகுப்புகளைப் படிப்போர் முன்னும் இவ்விரு பொருள்களும் நிற்கின்றன. விநோதத்தை மட்டும் நாடுவோர் பிரின்வில்லியேயின் நஞ்சோடு நிறைவுறுவர். குறித்துக்கொள்ளத் தக்கதை நாடுவோர் லெபிரனையும் நினைவிற்கொள்வர். சொல் இழந்த பழம்பொருளைப் படிப்போரேனும் காத்தல் வேண்டும்.